நெருக்கீடும் எதிர்கொள்ளலும்: அன்றாடத் துயரின் உளவியலும் சமூகவியலும்

கவலை, அச்சம், சினம், சோர்வு ஆகிய உணர்ச்சிகளை மனிதர் எவ்வாறு எதிர்கொள்ளவேண்டும் என்னும் வினா இன்று பரவலாகப் பேசப்படுகின்றது. கவலையை வெல்லும் வழிகளைக் கூறும் நூல்கள் புத்தகக் கடைகளில் நிறைந்துள்ளன. நிறுவனங்கள் தம் ஊழியருக்கெனப் பயிற்சிப் பட்டறைகளை நடாத்துகின்றன. இவற்றின் சாரம் பெரும்பாலும் ஒன்றே: துன்பம் மனத்தில் உள்ளது, மனத்தை மாற்றிக்கொண்டால் துன்பம் நீங்கும் என்பதாம். மறுபுறத்தில், சமூக மாற்றத்தை அவாவி நிற்போர் சிலரிடையே இதற்கு நேரெதிரான மனப்பாங்கு ஒன்று நிலவுகின்றது. தனிமனிதரின் மனத்துயர் பற்றிப் பேசுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும், சமூக அமைப்பு மாறும்போது துயரும் தானே மாறிவிடும் என்றும் அவர்கள் கருதுவர்.

இவ்விரு நோக்குகளும் உண்மையின் ஒவ்வொரு கூற்றை மாத்திரமே பற்றி நிற்பன என்பதே எமது கருத்து. முதலாவது நோக்கு, துயரத்தின் காரணங்களைத் துயருறுவோரின் தலையிலேயே சுமத்திவிடுகின்றது. இரண்டாவது, இன்றிரவு உறக்கமின்றித் தவிக்கும் ஒருவருக்கு நாளைய சமுதாயத்தை மருந்தாகக் காட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று, நெருக்கீடு என்பது யாது, அது எங்கிருந்து தோன்றுகின்றது, தனிமனிதரும் சமூகமும் அதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'நெருக்கீடு' என நாம் ஈண்டு வழங்கும் கருத்து, உடற்றொழிலியல் ஆய்விலிருந்து உளவியலுக்கு வந்து சேர்ந்ததாகும். ஹாவாட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியலாளரான வால்ற்றர் கனன், 1915 இல் வெளியிட்ட நூலொன்றிலே, வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் நிகழும் மாற்றங்களை விளக்கினார். ஆபத்தை எதிர்நோக்கும் உயிரி ஒன்றில் அதிரினலின் சுரக்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது. குருதி சமிபாட்டுறுப்புகளிலிருந்து தசைகளை நோக்கித் திருப்பப்படுகின்றது. போரிடுவதற்கோ தப்பியோடுவதற்கோ உடல் தன்னை ஆயத்தஞ் செய்துகொள்கின்றது என்பது அவர் விளக்கமாகும்.

கனடாவின் மொன்றியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலி, 1936 இல் வெளியிட்ட சிறு குறிப்பொன்றில் இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றார். குளிர், காயம், அளவுமீறிய உடலுழைப்பு, நச்சுப் பொருள் எனத் தாக்கும் காரணி எதுவாயினும் உடல் ஏறத்தாழ ஒரே வகையான துலங்கலைக் காட்டுகின்றது என்பதை அவர் எலிகளில் அவதானித்தார். அத்துலங்கல் அதிர்ச்சி, எதிர்ப்பு, களைப்பு என்னும் மூன்று படிகளில் நிகழ்வதாக அவர் வகுத்தார். தாக்கம் குறுகியதாயின் எதிர்ப்பு வெற்றிபெறும். அது முடிவின்றித் தொடருமாயின் உடலின் வளங்கள் தீர்ந்துபோகும். இவ்வேறுபாடு மிக முக்கியமானது. நெருக்கீடு முழுவதும் தீயதன்று. பரீட்சைக்கு முந்திய நாளின் பரபரப்பு படிக்கத் தூண்டலாம். தீங்கு பயப்பது ஓய்வுக்கு இடந்தராத நெருக்கீடேயாகும். புலியைக் கண்டு ஓடுவதற்கென அமைந்த உடல், மாதந்தோறும் கடன் தவணையைக் கண்டு ஓடவும் முடியாது போரிடவும் முடியாது உள்ளூரக் கொதித்துக்கொண்டே இருக்கின்றது.

எனினும் ஒரே நிகழ்வு எல்லோரையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. இதற்கு விளக்கம் தந்தோருள் றிச்சட் லாசரசும் சூசன் போக்மனும் குறிப்பிடத்தக்கவர்கள். 1984 இல் வெளிவந்த அவர்களது நூல், நெருக்கீட்டை மனிதருக்கும் சூழலுக்கும் இடையிலான ஓர் உறவாக வரையறுத்தது. ஒரு நிகழ்வை எதிர்நோக்கும் ஒருவர் தம்மையறியாமலே இரண்டு வினாக்களை எழுப்புகின்றார். 'இதனால் எனக்கு என்ன நேரும்?' என்பது முதலாவது. 'இதனைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?' என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு 'ஆபத்து' என்றும் இரண்டாவதற்குப் 'போதாது' என்றும் விடை வரும்போதே நெருக்கீடு பிறக்கின்றது. இவ்வரையறையில் மனத்தின் பங்கும் உண்டு. புறவுலகின் பங்கும் உண்டு. 'என்னிடம் என்ன இருக்கிறது?' என்னும் வினாவுக்கான விடை வெறும் மனத்திண்மை மாத்திரமன்று. அது காணி, வேலை, கல்வி, உறவினர், சேமிப்பு, நாட்டின் சட்டம் என்பவற்றையும் உள்ளடக்கியதாகும்.

மெய்ப்பாட்டியல் தரும் ஒரு பார்வை

உணர்ச்சிகளின் தோற்றுவாயைப் புறநிலைமைகளில் தேடுவது மேனாட்டு உளவியலுக்கு மாத்திரம் உரிய அணுகுமுறையன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இவ்வகையில் மீள்நோக்கத்தக்கது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டென வகுக்கும் அந்நூல், அவை ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களிலிருந்து தோன்றுவதாகக் கூறுகின்றது. மெய்ப்பாடு என்னும் சொல்லே உணர்வு உடலில் வெளிப்படுவதைச் சுட்டி நிற்கின்றது. உள்ளத்தையும் உடலையும் இருவேறு பொருள்களாகப் பிரிக்காத நோக்கு இது.

இக்கட்டுரைப் பொருளுக்கு மூன்று மெய்ப்பாடுகள் பெரிதும் தொடர்புடையன. அழுகைக்குக் காரணங்களாகப் பிறரால் இகழப்படுதல், உயிரோ பொருளோ இழத்தல், முன்னைய நிலை கெட்டுத் தளர்தல், வறுமை என்பன காட்டப்படுகின்றன. வெகுளிக்குக் காரணங்கள் உறுப்புச் சிதைக்கப்படுதல், தன் குடிக்குக் கேடு சூழப்படுதல், அலைத்துத் துன்புறுத்தப்படுதல், கொலை என்பனவாம். அச்சமோ கண்ணுக்குப் புலனாகாத அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியோரிடமிருந்து மாத்திரமன்றி, தம்மேல் அதிகாரமுடைய இறையிடமிருந்தும் பிறக்கின்றது. கள்வரையும் அதிகாரமுடையோரையும் அச்சத்தின் ஊற்றுக்களாக ஒரே நிரலில் வைத்த நுட்பம் கருதத்தக்கது.

தொல்காப்பியம் ஓர் உளவியல் நூலன்று. செய்யுளில் உணர்வு புலப்படும் வகையைக் கூற எழுந்த இலக்கண நூலேயாகும். ஆதலின் நவீன அறிவியலை அதனுள் ஏற்றிப் படிப்பது பிழையாகும். ஆயினும் ஒன்றை மறுத்தற்கில்லை. அழுகைக்கான நான்கு காரணங்களில் எதுவும் அழுபவரின் மனப்பலவீனம் பற்றியதன்று. அவமதிப்பும் இழப்பும் தளர்ச்சியும் வறுமையும் மனிதருக்கு நேர்வன. அவற்றுட் பெரும்பாலானவை பிற மனிதரால் நேர்வன.

நெருக்கீட்டின் சமூக அடிப்படை

நவீன ஆய்வுகள் இக்கருத்தை எண்கணிப்பின் துணையுடன் நிறுவியுள்ளன. இரண்டு உதாரணங்களை ஈண்டு நோக்குவோம்.

1967 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட வைற்ஹோல் ஆய்வு, பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் அரசாங்க ஊழியரை நீண்டகாலம் பின்தொடர்ந்தது. பெரும் பொறுப்புகளைச் சுமக்கும் உயரதிகாரிகளே நெருக்கீட்டினால் இதயநோய்க்கு ஆளாவர் என்பது அக்காலத்துப் பொதுநம்பிக்கை. ஆய்வு காட்டியதோ இதற்கு நேர்மாறானது. பதவிப்படியின் அடியிலிருந்த தூதுவர், வாயிற்காவலர் முதலியோர் இதயநோயால் இறக்கும் வீதம், உச்சியிலிருந்த நிர்வாகிகளின் வீதத்திலும் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல் முதலிய பழக்கங்களைக் கணக்கிற்கொண்ட பின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சிநின்றது. இவ்வழி வந்த பிற்கால ஆய்வுகள், தம் வேலையின்மீது தமக்கே கட்டுப்பாடு இல்லாமை என்னும் காரணியை வற்புறுத்தின. வேலையின் பளுவோடு, அப்பளுவைப் பற்றி வாய்திறக்கும் உரிமையின்மையும் மனிதரைத் தேய்க்கின்றது.

இரண்டாவது உதாரணம், ஜோர்ஜ் பிரவுண், ரிறில் ஹரிஸ் ஆகியோர் தென்இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடாத்தி 1978 இல் நூலாக வெளியிட்ட ஆய்வாகும். பேரிழப்போ நீடித்த இடரோ மனச்சோர்வைத் தூண்டுகின்றது என்பதை அவர்கள் கண்டனர். ஆயினும் அவ்வாறு இடருற்ற பெண்கள் யாவரும் நோயுறவில்லை. மனந்திறந்து பேசக்கூடிய நெருங்கிய உறவு இன்மை, வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு, வீட்டுக்கு வெளியே வேலையின்மை, இளமையிலேயே தாயை இழந்தமை என்பனவே அவர்களுள் சிலரை எளிதில் சோர்வுக்கு ஆளாக்கின. பிள்ளைகளுடைய தொழிலாளர் வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு மிகுந்திருந்தமைக்கான காரணம் இத்தகைய வாழ்நிலைமைகளிலேயே காணப்பட்டது.

இலங்கை நிலைமைகளுக்கு வருவோம். 2009 இல் போர் முடிவுற்றபின், வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வழங்கும் நிறுவனங்கள் விரைந்து பரவின. குடும்பத்தைத் தனித்துத் தாங்கிய பெண்கள் பலர் இக்கடன்களைப் பெற்றனர். குழுவில் ஒருவர் தவணை தவறினால் ஏனையோர் பொறுப்பேற்க வேண்டும் என்னும் ஏற்பாடு, அயலவரையே ஒருவருக்கொருவர் கடன் வசூலிப்போர் ஆக்கிவிட்டது. ஆறுதல் பெறவேண்டிய அயலே அச்சத்துக்குரிய இடமாயிற்று. 2018 இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தமை, இப்பிரச்சினை தனிமனிதரின் சிக்கனக் குறைவால் எழுந்ததன்று என்பதற்குச் சான்றாகும். 2022 ஏப்ரிலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஒருவரிடம், மனத்தை மாற்றிக்கொள்ளுமாறு மாத்திரம் கூறுவது அறிவுரையாகாது.

எதிர்கொள்ளும் வகைகள்

அவ்வாறாயின் தனிமனிதர் செய்யக்கூடியது எதுவுமில்லையா? உண்டு. லாசரசும் போக்மனும் எதிர்கொள்ளலை இருவகையாக வகுத்தனர். நெருக்கீட்டைத் தரும் பிரச்சினையையே மாற்ற முயல்வது ஒன்று. அப்பிரச்சினை எழுப்பும் உணர்ச்சியை நெறிப்படுத்துவது மற்றொன்று. மாற்றக்கூடியவற்றில் முதலாவதும் மாற்றமுடியாதவற்றில் இரண்டாவதும் பெரிதும் பயன்படுவன. கடனாளி ஒருவர் கணக்கைத் தாளிலெழுதி, எதனை முதலில் அடைப்பது, எவரிடம் தவணை கேட்பது எனத் தீர்மானிப்பது முதல்வகை. தாயை இழந்த ஒருவர் அவ்விழப்போடு வாழப் பழகுவது இரண்டாம் வகை. இவ்விரண்டையும் மாற்றிச் செய்வதே பல துன்பங்களுக்குக் காரணமாகும். மாற்றமுடியாததை எண்ணி எண்ணி உழல்கின்றோம்; மாற்றக்கூடியதை விதியென்று விட்டுவிடுகின்றோம்.

உணர்ச்சியை நெறிப்படுத்தல் என்பது அதனை அடக்குதல் அன்று. 'ஆண்பிள்ளை அழக்கூடாது', 'வீட்டுக் கதை வெளியே போகக்கூடாது' என்னும் எமது வழக்குகள் அடக்குதலையே பண்பெனப் போற்றி வந்துள்ளன. 1990களில் ஜேம்ஸ் குரொஸ் நடாத்திய பரிசோதனைகள் இதனைச் சோதித்தன. மனத்தை வருத்தும் திரைப்படக் காட்சிகளைப் பார்த்தோருள், உணர்ச்சியை முகத்திற் காட்டாது மறைத்தவர்களின் உள்ளத்து வேதனை குறையவில்லை. உடலின் கிளர்ச்சி சில அளவீடுகளிற் கூடவும் செய்தது. மாறாக, காட்சியை வேறொரு கோணத்திலிருந்து நோக்கியவர்களின் வேதனை குறைந்தது. இவ்வாறு பொருளை மீள்நோக்குதலை எம் மரபும் அறியாததன்று. திருக்குறளில் இடுக்கண் அழியாமைக்கென ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளமை நாம் அறிந்ததே.

மீள்நோக்குதலுக்கும் யோசனைக்கும் வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கிலே மனத்துயரைக் குறிக்கும் சொற்களுள் 'யோசனை' முதன்மையானது. 'ஒரே யோசனையாய்க் கிடக்குது' என்று ஒருவர் கூறும்போது, அவர் சிந்திப்பதைக் கூறவில்லை. ஒரே எண்ணம் செக்குமாடுபோலச் சுழல்வதையே கூறுகின்றார். சூசன் நோலன்-ஹெக்சீமா 1990களின் தொடக்கம் முதல் வெளியிட்ட ஆய்வுகள், இத்தகைய சுழலெண்ணம் சோர்வை நீடிக்கச் செய்வதைக் காட்டின. 'ஏன் எனக்கு மட்டும் இப்படி?' என்னும் வினாவுக்கு விடையில்லை. ஆதலால் அது நிற்பதுமில்லை. 'அடுத்து நான் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் யாது?' என்னும் வினாவுக்கு விடை உண்டு.

இச்சுழலை நிறுத்துதற்கு எளிய வழிகள் சில பயன்தருவனவாக அறியப்பட்டுள்ளன. மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதனிலும் நீண்ட நேரம் வெளிவிடுதல் அவற்றுளொன்று. வெளிமூச்சின்போது இதயத்துடிப்புத் தளர்வதால், கனன் விளக்கிய உடற்கிளர்ச்சி தணிகின்றது. எழுதுதல் மற்றொன்று. ஜேம்ஸ் பெனிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தம்மை வருத்திய நிகழ்வு பற்றி நான்கு நாட்கள் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவருள், நிகழ்வையும் அது எழுப்பிய உணர்வையும் சேர்த்து எழுதியோர் பின்வந்த மாதங்களில் வைத்திய நிலையத்தை நாடுவது குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் இப்பயன் சிறிதென்றே காட்டினும், செலவற்ற இம்முறை முயன்று பார்க்கத்தக்கது. ஒழுங்கான உறக்கமும், உடலுழைப்பும், சோர்ந்திருக்கும்போதும் விரும்பிச் செய்த வேலையொன்றைச் சிறிதளவேனும் தொடர்வதும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன. மனம் தெளிந்தபின் செயலாற்றலாம் எனக் காத்திருப்பதிலும், செயலின் வழியாக மனந்தெளிதலே பல வேளைகளில் நிகழ்கின்றது.

மதுபானத்தை நாடுதல் இதற்கு மாறானது. அது உணர்ச்சியைச் சில மணிநேரம் மறைக்கின்றது, உறக்கத்தைக் கெடுக்கின்றது, மறுநாள் அதே உணர்ச்சியை வட்டியோடு திருப்பித் தருகின்றது. ஒருவரின் நெருக்கீடு வீட்டிலுள்ள பெண்ணின்மீதும் பிள்ளையின்மீதும் இறக்கிவைக்கப்படும் வழியும் பெரும்பாலும் இதுவேயாகும்.

இன்னொன்றையும் கூறவேண்டும். எல்லாத் துயரும் அன்றாட நெருக்கீடு அன்று. சோர்வோ விருப்பின்மையோ இரண்டு கிழமைகளுக்கு மேலாக நாள்தோறும் நீடித்து, உறக்கமும் உணவும் வேலையும் குலையுமாயின், அல்லது வாழ்வதில் பயனில்லை என்னும் எண்ணம் தோன்றுமாயின், அது மருத்துவ உதவிக்குரியதாகும். நீரிழிவுக்கு வைத்தியரை நாடுவதில் எத்துணை வெட்கமில்லையோ அத்துணை வெட்கமின்மை இதற்கும் வேண்டும். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்துள்ள எமது சமூகம் இவ்விடயத்தில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. 1926 என்னும் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமும், 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ போன்ற தொண்டமைப்புகளும் இத்தகையோருக்குச் செவிசாய்ப்பதற்கென்றே உள்ளன.

கூட்டாக எதிர்கொள்ளல்

மனிதர் துயரைத் தனியே சுமக்கப் பிறந்தவரல்லர் என்பதை எமது மரணச் சடங்குகள் நன்கு உணர்த்துகின்றன. செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை. அயலார் உணவு கொண்டுவருகின்றனர். பெண்கள் கட்டியழுது ஒப்பாரி சொல்கின்றனர். எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எனத் துயரத்துக்குக் காலவரையறைகள் வகுக்கப்பட்டுள்ளன. அழுவதற்கு அனுமதியும், அழுகைக்குத் துணையும், அழுகையிலிருந்து மீள்வதற்கு ஒழுங்கும் ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் ஏற்பாடு இது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985 இல் எழுதிய கட்டுரையொன்றிலே, மேனாட்டார் மனச்சோர்வெனக் கொள்ளும் உணர்வுகள் இலங்கைப் பௌத்தரிடையே சமயப் பொருள்பெற்று வேறுவகையில் உருமாறுவதை எடுத்துக்காட்டி, அதனைப் பண்பாட்டின் பணி என்றார். எமது சடங்குகள் ஆற்றிவந்ததும் அத்தகைய ஒரு பணியேயாகும். சாதியின் பெயரால் இச்சடங்குகள் மனிதரைப் பிரித்தும் இழிவுபடுத்தியும் வந்தன என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. துணைதரும் அமைப்பே சிலருக்கு அவமதிப்பின் ஊற்றாகவும் இருந்துள்ளது.

போர் இவ்வேற்பாட்டையே தாக்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கம் குறித்து 1998 இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டதோடு, பின்வந்த ஆய்வுகளிற் கூட்டு மனவடு என்னும் கருத்தையும் வற்புறுத்தினார். காயமுற்றது தனிமனிதரின் மனம் மாத்திரமன்று. குடும்பம், கிராமம், நம்பிக்கை என்னும் உறவுகளும் காயமுற்றன என்பது அதன் பொருளாகும். மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தோருக்குச் செத்தவீடு நடாத்த வீடுமில்லை. உணவு கொண்டுவர அயலுமில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களின் நிலை இதனினும் கொடியது. இறந்தார் என்று கருதி அந்தியேட்டி செய்யவும் இயலாது. உயிருடன் உள்ளார் என்று நம்பி இளைப்பாறவும் இயலாது. பொலீன் பொஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். சடங்கால் முடிவுறாத இத்துயரத்தை மனநோயெனக் கொள்வது பொருந்தாது. நோய் நிலைமையில் உள்ளதேயன்றி மனிதரில் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே தாய்மார் தொடங்கிய தொடர்போராட்டத்தை இவ்விடத்து நினைவுகூரலாம். பிள்ளைகளின் படங்களை ஏந்தி அவர்கள் அமர்ந்தது அரசிடம் விடை கோரியேயாகும். ஆயினும் அதே பந்தலின்கீழ், தனித்தனி வீடுகளில் யோசனையாய்க் கிடந்த துயரம், பெயரும் துணையும் பெற்றது. பிரச்சினையை மாற்ற முயல்வதும் உணர்ச்சியைத் தாங்குவதும் ஒரே செயலாக அங்கு இணைந்தன. கோரிய விடை கிடைக்காமலே முதிர்ந்த தாய்மார் பலர் இறந்துபோயினர் என்பதையும் சேர்த்தே நாம் எண்ணவேண்டும். துணை துயரத்தைத் தாங்க உதவும். நீதிக்கு ஈடாக அது நிற்காது.

சிம்பாப்வே நாட்டு அனுபவமொன்றும் பயனுள்ளது. அங்குள்ள சோனா மொழியிலும் மனத்துயரைக் குறிக்கும் வழக்குச் சொல்லின் பொருள் 'மிகுதியாக யோசித்தல்' என்பதேயாகும். உளமருத்துவர் மிகச் சிலரேயுள்ள அந்நாட்டில், பேருந்துக் கட்டணம் இல்லாமையால் வைத்தியசாலைக்கு வரமுடியாது போன இளம்பெண் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குச் சிகிச்சையளித்த டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் அதன் பின்னர் புதியதொரு முறையைத் தொடங்கினார். ஹராரே நகரின் மபாரே பகுதியில் முதிய பெண்கள் பதினால்வருக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலையத்து மரநிழலில் வாங்கொன்றில் அமரச் செய்தார். துயருற்றோர் வந்து பேசுவர்; பாட்டிமார் செவிமடுத்து, பல பிரச்சினைகளுள் ஒன்றைத் தெரிந்து, அதற்கு ஒரு செயலைத் தீர்மானிக்கத் துணைநிற்பர். 573 பேரைக்கொண்டு நடாத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு, ஆறு மாதங்களின்பின் இவ்வுதவி பெற்றோரின் நோய்க்குறிகள் ஏனையோரிலும் குறைந்திருந்தமையைக் காட்டியது. நாம் கருதத்தக்கது, அப்பாட்டிமார் அறிவுரை கூறுவதற்குமுன் செவிமடுக்கப் பயிற்றப்பட்டனர் என்பதேயாகும்.

சட்டமும் ஒருவகைக் கூட்டு எதிர்கொள்ளலே என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டிலும் 1998 இலும் மிகக்கொடிய நச்சுத்தன்மையுடைய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் அவ்வீதம் அரைவாசியாகக் குறைந்திருந்தது. அப்பத்தாண்டில் போரும் நின்றுவிடவில்லை, வறுமையும் நீங்கிவிடவில்லை. பின் எவ்வாறு இவ்வளவு உயிர்கள் தப்பின? தாங்கமுடியாதெனத் தோன்றும் உணர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் குறுகிய நேரமே நிலைப்பது. அந்நேரத்தில் கொடிய நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் மனிதர் உயிர்வாழ்கின்றனர். வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் மீண்டும் அவ்வழியை நாடுவதுமில்லை. தனிமனிதருக்கு இது கற்பிக்கும் பாடம், எவ்வுணர்ச்சியும் தணியும் என்பது. அது தணியும்வரை தனித்திராமல் ஒருவரோடிருத்தல் வேண்டும் என்பது. சமூகத்துக்குக் கற்பிக்கும் பாடம், அவ்விடைவெளியைக் காப்பது தன் கடமை என்பது.

முடிவாக

நெருக்கீட்டை எதிர்கொள்ளக் கற்பிப்பது, அநீதியோடு இணங்கிப் போகக் கற்பிப்பதாகாதா? தொடக்கத்திற் குறிப்பிட்ட இரண்டாவது நோக்கினரின் இவ்வினா நியாயமானதே. ஊழியரின் வேலைநேரத்தைக் குறைக்க மறுத்துவிட்டு அவருக்குத் தியான வகுப்பு நடாத்தும் நிறுவனத்தின் செயல் அத்தகையதே. ஆயினும் உறக்கமிழந்து, உடல்தளர்ந்து, ஒரே எண்ணத்திற் சுழலும் மனிதரால் தம் உரிமைக்காகவும் நிற்கமுடிவதில்லை. துயரத்தால் முற்றாக நொறுங்கியவர் பணிந்துபோவதே பெரும்பாலும் நிகழ்வது. எனவே மனத்தைப் பேணுதல் சமூக மாற்றத்துக்கு மாற்றீடன்று. அதற்குரிய பலத்தின் ஒரு பகுதியாகும்.

ஆதலின், துயருற்ற ஒருவரை நோக்கி நாம் எழுப்பவேண்டிய வினா 'உமக்கு என்ன குறை?' என்பதன்று; 'உமக்கு என்ன நேர்ந்தது? உம்மோடு யார் இருக்கின்றார்?' என்பதேயாகும். முதல் வினாவுக்கான விடை, மாற்றவேண்டிய நிலைமைகளை எமக்குக் காட்டும். இரண்டாவதற்கு 'எவருமில்லை' என்று விடைவருமாயின், அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு வினாவிய எம்மையே சாரும். பல்கலைக்கழக விடுதியின் அடுத்த அறையிலும், அலுவலகத்தின் பக்கத்து மேசையிலும், எமது சொந்த வீட்டின் சமையலறையிலும் இவ்வினாவுக்காகக் காத்திருப்போர் உளர்.